கணவாய்க்காரி

ஜெஸ்லின் எங்கள் கம்பெனியில் 2003-இல் டெஸ்டராகச் சேர்ந்தாள். மற்றவர்கள் செய்த விளையாட்டை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. நான் அங்கே படம் வரைபவள். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்குக்குள் எங்கள் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தோம். வாள், மந்திரம், பூதம் எல்லாம் உள்ள கற்பனை உலகம் அது. விளையாடுகிறவர் அதில் ஒரு ஆளாக இறங்கி, ஊர் ஊராகப் போய், சண்டை போட்டு, பேசி, கதையைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும்.

நான் ஸ்ரீவராகத்திலிருந்து வருவேன், அவள் சாலை என்ற கடைத்தெருப் பக்கத்திலிருந்து. இருவருக்கும் கிழக்கேகோட்டையில்தான் பஸ். முதல் வாரமே கூட்டத்தைப் பிளந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, "ஆஷா, இங்க வா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி தமிழில் கூப்பிட்டாள். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். ஆனாலும் பஸ்ஸில் அவ்வளவு சத்தமாகத் தமிழ் பேசியதில்லை.

அவள் அப்பா தாணுமாலையனுக்குச் சாலையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. அம்மா எலிசாள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். பெயர்களைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். அவர் கோயிலுக்குப் போகிறவர், அவள் சர்ச்சுக்குப் போகிறவள். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றதால் கல்யாணம் பண்ணிக்கொண்ட கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெஸ்லினைப் பள்ளிக்கூடத்தில், தமிழர்களைக் கேலி செய்யும் சொல்லால் 'பாண்டி' என்பார்கள். லீவுக்கு நாகர்கோவில் பக்கம் போனால், "மலையாளத்துக்குட்டி வந்திருக்கா" என்பார்கள். இதையெல்லாம் அவள் புகாராகச் சொன்னதே கிடையாது. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

கேமைத் தொடங்கியதும் ஒரு திரை வரும். நீங்கள் யார், எங்கே பிறந்தீர்கள் என்று அது கேட்கும். இளவரசன், போர்வீரன் பிள்ளை, துறவி, வணிகன், வேட்டைக்காரன், திருடன் என்று ஆறு வகை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே விடும். வந்த புதிதில் ஜெஸ்லின் ஆறு பேராகவும் மாறி மாறி விளையாடிவிட்டு, டெஸ்டர்கள் எழுதும் குறைப்பட்டியலில் ஒரே வரி எழுதினாள்: 'இளவரசன் வந்தாலும் திருடன் வந்தாலும் கோட்டை வாசல் காவல்காரன் ஒரே வணக்கம்தான் சொல்கிறான்.'

புரோகிராமர்கள் சிரித்தார்கள். புராஜெக்ட்டைப் பார்த்துக்கொண்டவர் ஸ்ரீகண்டன் சார், ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருந்த குடும்பம். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளமும் இங்கிலீஷும். எங்கள் இருவரிடம் மட்டும் மூன்றையும் கலந்து பேசுவார்.

"இது பக் இல்ல ஜெஸ்லின், டிசைனே அப்படித்தான். பேக்ரவுண்டுன்னா ஆளுக்கு ரெண்டு பாயின்ட் கூடும், ஒரு நல்ல கத்தி கிட்டும். அது மதி, அவ்வளவு போரும்" என்றார்.

"அது பேக்ரவுண்டு இல்ல சார், கல்யாண மொய்யாக்கும். வாசல்ல குடுத்ததோட முடிஞ்சு போச்சு. பொறந்த எடம் அப்படி விடுமா? போற எடமெல்லாம் கூட வரும் அல்லே?"

"பின்னே நீயே ஒண்ணு எழுது, பாக்கலாம்."

அவர் சும்மா வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னார். அவளோ, "எழுதுகேன் சார். டெஸ்டிங்ல இருந்து கொஞ்ச நாள் என்னை விடணும்" என்றாள். மறுக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

எங்கள் கேமில் இரண்டு நாடுகள். ஒன்று கடற்கரை நாடு, மற்றது பள்ளத்தாக்கு நாடு. நடுவே மலை, மலையில் ஒரு கணவாய். இரண்டு நாட்டுக்கும் பகை. ஜெஸ்லின் ஏழாவதாக ஒருத்தியை எழுதினாள். தாய் தகப்பன் பிழைப்புக்காகக் கணவாய் வழியாக இறங்கி வந்தவர்கள். மகள் பிறந்தது இந்தப் பக்கம். இரண்டு நாட்டுப் பாஷையும் அவளுக்குத் தெரியும். இரண்டு நாட்டுக் கோட்டை வாசலிலும் அவளைத்தான் நிறுத்துவார்கள்.

முகம் வரையும் வேலை எனக்கு வந்தது. பெரிய கண்ணும் ஒட்டிய கன்னமுமாக ஒரு பெண்ணை வரைந்து காட்டினேன். ஜெஸ்லின் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படிப் பாவம் மாதிரி வரைஞ்சிருக்க? அவ பாவம் இல்ல."

"வாசல்ல நிறுத்தி வெச்சுடறான்னு நீதானேடி எழுதியிருக்கே?"

"நிறுத்துனா பாவமா? நிக்கா. நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருக்கா. அப்படி வரை."

மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை கண்கள் கெஞ்சவில்லை, கவனித்தன. நான் அந்தக் கம்பெனியில் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

பிறகுதான் சிக்கல் வந்தது. எழுதியதைப் படித்த வெளிநாட்டுக்காரர்கள் போனில் பேசினார்கள். அந்தப் பக்கத்துப் பொறுப்பாளர் ஹெலன் என்ற அம்மையார். விளையாட வருகிறவர்கள் வீரர்களாக இருக்க வருகிறார்கள், வாசலில் அவமானப்பட வருவதில்லை என்றார். இரண்டு பாஷை நல்ல யோசனை, அது இருக்கட்டும், காவல்காரன் நிறுத்துவதை மட்டும் எடுத்துவிடலாம் என்பது அவர் முடிவு. ஸ்ரீகண்டன் சார் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜெஸ்லின் மேஜைமேல் குனிந்து, போனின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்.

"அவளுக்கு ரெண்டு பாஷை எப்படி வந்தது? ரெண்டு வாசலுக்கும் வெளியே நின்றதால் வந்தது. நிறுத்துவதை எடுத்தால் பாஷையையும் எடுத்துவிடுங்கள். பாதியை மட்டும் வைத்தால் அது பொய்."

ஸ்ரீகண்டன் சார் போனை எடுக்க அவசரமாகக் கையை நீட்டினார். அதற்குள் ஜெஸ்லின் இன்னொன்றும் சொன்னாள். "அடுத்த மாதம் நீங்கள் இங்கே வருகிறீர்கள். முழுசாக எடுப்பதென்றால் ஒரு முறை விளையாடிப் பார்த்துவிட்டு எடுங்கள்."

வெளியே வந்ததும் சார் அவளிடம், "ப்ராஜக்ட் போயாச்சுன்னா இத்தனை பேரும் வீட்டுக்குப் போணும், அறியுமோ?" என்றார்.

"போகாது சார். அவங்க விளையாடுவாங்க பாத்துக்கிடுங்க" என்றாள் ஜெஸ்லின். உள்ளூர அவளுக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் அன்று பஸ்ஸில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். விழித்துக்கொண்டு வந்தவள் நான்தான்.

ஹெலன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், உயரமானவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏழாவது பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். கோட்டை வாசலில் காவல்காரன் கையை நீட்டி நிறுத்தினான். 'எந்த ஊர்?' பதிலுக்கு மூன்று வழிகள் இருந்தன. உண்மையைச் சொல்லலாம், பொய் சொல்லலாம், பேசாமல் நிற்கலாம். ஹெலன் பொய்யைத் தேர்ந்தார்: 'இந்த ஊர்தான், தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.' 'இந்த ஊர்க்காரி தண்ணீரை அப்படிச் சொல்லமாட்டாள்' என்று காவல்காரன் திருப்பி அனுப்பினான்.

ஹெலன் புருவத்தைச் சுருக்கினார். மதிலுக்கு வெளியே உள்ளே விடப்படாத வண்டிக்காரர்களும் வியாபாரிகளும் கூடாரம் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அங்கே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இரண்டு பேர் பள்ளத்தாக்குப் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு யாராக விளையாடினாலும் அந்தப் பேச்சு வெறும் கிறுக்கலாகத்தான் திரையில் தெரியும். இவளுக்கு மட்டும் புரிந்தது. கோட்டைக்குள் தளபதி விலைபோய்விட்டான் என்பது பேச்சு. இளவரசனாக விளையாடுகிறவனுக்குப் பாதிக் கதை தாண்டி, தளபதி முதுகில் குத்தும்போதுதான் அது தெரியவரும்.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஸ்ரீகண்டன் சார் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஹெலன் எழுந்திருக்கவில்லை. மலையேறி அடுத்த நாட்டு வாசல்வரை போய்விட்டுத்தான் நாற்காலியைத் திருப்பினார்.

"இது இருக்கட்டும்" என்றார். "ஆறு பேருக்குத்தான் இடம் என்பதால் துறவியை எடுத்துவிடுவோம், அவரை யாரும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று. இரண்டாவது வாசலில் நிற்பவனும் முதல் காவல்காரன்தான், சட்டை மட்டும் வேறு. அங்கே நீ சோம்பல் பட்டிருக்கிறாய்."

ஜெஸ்லினின் முகம் சிவந்தது. உண்மைதான், அந்தப் பகுதியை அவசரத்தில் எழுதியிருந்தாள். "மாற்றுகிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மாற்றினாள். இரண்டாவது காவல்காரனும் ஒரு காலத்தில் கணவாய் வழியாக வந்தவன். அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று இவளை மற்றவனைவிட அதிகமாகக் குடைகிறான். படித்துவிட்டு, "இவன் யாருடி?" என்று கேட்டேன். "ஏழாம் கிளாஸ்ல எனக்குக் கணக்கு எடுத்த சார்" என்றாள்.

அந்த வருஷம் ஓணத்துக்கு எல்லோருடைய வீட்டாரையும் ஆபீஸுக்கு அழைத்திருந்தார்கள். பூக்களம், இலைபோட்டுச் சாப்பாடு எல்லாம் முடிந்ததும் அவரவர் தங்கள் வேலையை வீட்டாருக்குக் காட்டினார்கள். ஜெஸ்லினின் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். எலிசாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லக் கேட்டாள்.

"இதில தையக்காரி இல்லியா?"

"இல்லம்மா. இது நான் எழுதுனதாக்கும். கணவாய்க்காரி."

"கணவாய் விக்கியவளா? மீன்காரியயா எழுதினே?"

அந்தப் பக்கத்தில் கணவாய் என்றால் கடலில் பிடிக்கும் கணவாய் மீன்தான். நான் சிரித்த சிரிப்பில் பாயசம் புடவையில் கொட்டியது. எலிசாளும் சிரித்துவிட்டு எழுந்து, கணவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். தாணுமாலையன் அதிகம் பேசாதவர். வெள்ளை வேட்டியும் நன்றாகத் தேய்த்த சட்டையுமாக, மவுஸைத் தொட்டால் உடைந்துவிடுமோ என்பதுபோலக் கையை மடியிலேயே வைத்திருந்தார். கோட்டை வாசல் வந்தது.

"எந்த ஊருன்னு கேக்குதான் அப்பா. என்ன சொல்லணும்? நெசமா, பொய்யா, சும்மா நிக்கணுமா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நெசத்தைச் சொல்லு. பணகுடின்னு சொல்லு" என்றார்.

ஜெஸ்லின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நம்ம ஊர் நாகர்கோவில்னுதானே சொல்லுவீங்க?"

"அது உங்க அம்மைக்க ஊரு. நாகர்கோவில்னா பழைய திருவிதாங்கூர் ஆளுன்னு வேலைக்குச் சேக்கும்போது மொதலாளி ஒண்ணும் கேக்க மாட்டாரு. அப்புறம் அதே நெலச்சுப்போச்சு." சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "என்ன? அழுத்து. விடுகானா பாப்போம்."

அழுத்தினாள். காவல்காரன் விடவில்லை. தாணுமாலையன் மெதுவாகச் சிரித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கா" என்று எலிசாளிடம் சொன்னார். ஜெஸ்லின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி அப்பாவின் தோளில் கையை வைத்தாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு, அப்பாவோடு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பணகுடி போய்வந்தாள். சித்தப்பா ஒருவர் இருந்தாராம். கோழி அடித்துச் சோறு போட்டாராம். தாங்கள் கிளம்பிய பிறகு ஊரில் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றாள்.

கேம் 2005-இல் வெளிவந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, தோல்வியும் இல்லை. பெரும்பாலானவர்கள் இளவரசனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஹெலன் தெரிவித்தார். கணவாய்க்காரியாக விளையாடியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்ரீகண்டன் சார் அவளைத் தேற்றுவதற்கு வந்தார்.

"விஷமிக்கண்டா கேட்டியா, வருத்தப்படாதே. ஆளுங்க அப்படித்தான்."

"எனக்கு என்ன விஷமம் சார்? அவளா வெளையாடினவங்கதான் கடைசி வரைக்கும் போயிருக்காங்க. இளவரசன் பாதியில எறங்கிப் போயிட்டான். ஹெலன் சொன்னதை முழுசும் கேக்கலியா நீங்க?"

அவர் கேட்டிருக்கவில்லை. அடுத்த கேமுக்கு, காவல்காரனை எழுதிய பெண்தான் வேண்டும் என்று ஹெலன் சொல்லியிருந்ததும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெஸ்லின் எழுதுகிறேன் என்றாள். டெஸ்டராக அல்ல, டிசைனராக. படங்களுக்குப் பொறுப்பு ஆஷா என்றும் சேர்த்துச் சொன்னாள். என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லையாம்.

இப்போது நாங்கள் செய்வது ஒரு கப்பல் கதை. மாலுமி, முத்துக் குளிப்பவள், துறைமுகத்துக் கணக்குப்பிள்ளை மகன் என்று புதிய ஆட்கள். எழுதத் தொடங்குமுன் ஜெஸ்லின் விழிஞ்ஞத்தில் தெரிந்தவர்களைப் பிடித்து, விடியற்காலையில் ஒரு மீன்படகில் கடலுக்குள் போய்வந்தாள். துறையைத் தாண்டியதிலிருந்து திரும்பும்வரை வாந்தி. பத்து மணிக்கு வெளிறிய முகத்தோடு, உப்புப் படிந்த தலையோடு ஆபீஸில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி இப்படி உடம்பைப் படுத்திக்கறே? படத்தைப் பார்த்து எழுதப்படாதோ?" என்றேன்.

"அந்த வாந்தி எந்தப் படத்தில இருக்கு?" என்றாள். "நாளைக்கும் போறேன். நீயும் வா. அலையை மேல இருந்து வரைஞ்சு வச்சிருக்க, அது தப்பு. கீழ இருந்து பாக்கணும்."

மறுநாள் நானும் போனேன். அவள் சொன்னது சரிதான். படகுக்குள் உட்கார்ந்து பார்த்தால் அலை ஒரு சுவர்.