கறுப்புத் தக்காளித் தோட்டத்தின் வாசல் வாளி

சௌல்தாரி கிராமத்தில், வருஷா வருஷம் தானே விதையெடுத்துக் கறுப்புத் தக்காளி வளர்த்தவர் அவர். நெட்டையான ஆள். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். தோட்டத்துக்கு யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டு, வாசல் வாளியிலிருக்கும் பிளீச்சிங் தண்ணீரில் கால் கழுவ வேண்டும். காலில் ஒட்டிய மண்ணோடு வாடல் நோய் வந்துவிடுமாம். நான் போன அன்று, கழுவிய என் காலைப் பார்த்தபடி கேட்டார்.

“உங்க வீட்டுத் தக்காளி ஏதும் வாடிச்சா, சார்?”

“இல்லையே.”

முந்தின வாரம்தான் என் செடிகள் எல்லாம் வாடிச் செத்திருந்தன.

“கோயி பாத் நஹி, பரவால்ல, இன்னொரு தரம் கழுவிருங்க.”

எரிச்சலில், அவர் திரும்பியதும் மறுபடி கழுவாமலே உள்ளே போனேன்.

மறுமாதம் போனபோது பாத்தி முழுக்கச் செடிகள் பச்சையாகவே வாடித் துவண்டு கிடந்தன. நான் வாளிப் பக்கம் குனிந்தேன்.

“வேணாம் சார், அப்படியே வாங்க.”

தெரிந்துதான் சொன்னாரா, தெரியாது. அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.