இரண்டு மிதி

அம்மையப்பன் என் காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு. ரெண்டு." நிமிர்ந்தார். என்ன சந்தேகம் வந்ததோ, மறுபடி குனிந்தார். "ஒண்ணு. ரெண்டு. ஆங், ரெண்டுதான்."

எண்ணியது பெடல்களை. பெடல் என்ற சொல் அவருக்குத் தெரியாததல்ல; வாயில் வருவது மிதிதான். மூன்று மிதி இருந்தால் கிளச்சோடு கையால் கியர் மாற்றும் வண்டி. இரண்டு என்றால் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். அல் ஐன் பக்கம் மலையடிவாரத்தில் தங்கிவர நாங்கள் குடும்பத்தோடு, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தோம். போன இடத்தில் சுற்றிப் பார்க்க என் சின்னக் காரையும் அதன் பின்னால் கட்டி இழுத்துவரச் சொல்லியிருந்தேன். துபாய் அல் கூஸில் இருக்கும் அந்த கேரவன் கம்பெனியின் டிரைவர்தான் அம்மையப்பன்.

"ஆட்டோமேட்டிக்னு போன்லயே சொன்னேனேங்க," என்றேன்.

"சொன்னீங்கண்ணே. நீங்க சொன்னது கெடக்கட்டும். மிதி பொய் சொல்லாது."

அதோடு விடவில்லை. கட்டி இழுக்க முடியாது, டிரெய்லரில் ஏற்றித் தூக்கித்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். டிரெய்லர் வந்து சேரும்வரை என் பிள்ளைகள் கேரவனுக்குள்ளேயே பாதி விடுமுறையைக் கொண்டாடி முடித்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நியூட்ரலில் போட்டுவிட்டால் சக்கரம் பாட்டுக்கு உருண்டுவரப் போகிறது, இதில் என்ன வந்துவிடும் என்று கேட்டேன்.

"நூட்டல்ல போட்டா எஞ்சினுக்கும் கியருக்கும் உள்ள தொடுப்புத்தான்ணே விட்டுப்போகுது. சக்கரத்துக்கும் கியருக்கும் உள்ளது விடாது. எஞ்சின் ஓடுனாத்தான் உள்ள பம்பு சுத்தும், பம்பு சுத்துனாத்தான் எண்ண போகும். எஞ்சின அணைச்சுப்புட்டு சக்கரத்த மட்டும் இழுத்தம்னா, எண்ண இல்லாம பல்லோட பல்லு ஒரசிக்கிட்டே வரும். அல் ஐன் போயிச் சேர்றப்ப கியர்பாக்ஸு இருக்காது, வெறும் பாக்ஸுதான் இருக்கும்."

மூன்று மிதி வண்டியைக்கூட அவர் உடனே கட்டிவிடமாட்டார். இழுக்கலாம் என்று வண்டி செய்தவர்களே சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் கம்பியை மாட்டுவார். அன்று என் காரின் கியர் பிழைத்தது அந்தப் பிடிவாதத்தால்தான். இன்றைக்கும் ஷார்ஜா நெரிசலில் வண்டி முனகாமல் நகரும்போதெல்லாம் மனசுக்குள் அவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அம்மையப்பனுக்கு ஊர் மானாமதுரைப் பக்கம். ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் மீசை அதை ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மை ஏறிவிடும். மஞ்சள் ஜாக்கெட்டை இஸ்திரி போட்டு மாட்டும் டிரைவரை வளைகுடாவில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் பக்கக் கண்ணாடியில் முதலில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார், பிறகுதான் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். அடக்கத்துக்கும் அவருக்கும் ஆகாது. "இந்த துபாயில வீட்ட இம்புட்டு அழகா ரிவர்ஸ் எடுக்குற ஆளு யாரு இருக்கா, சொல்லுங்க பாப்போம்?" என்பார்.

வீடு என்று அவர் சொல்வது கேரவனை. வீட்டுக்கு டீசல் போடணும், வீட்டுக்கு டயர் மாத்தணும் என்றே பேசுவார். ஊரிலிருக்கும் மனைவி கருப்பாயி போனில் எங்கே இருக்கீக என்று கேட்டால், "வீட்டுலதான் இருக்கேன்" என்பார். "எந்த வீட்டுல?" என்று அந்தம்மா ஒவ்வொரு தடவையும் அசராமல் கேட்பார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் வழக்கமுள்ளவர் என்பதால் நாங்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்தோம். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு டீ கொதிக்க வைத்துவிட்டு நான் சும்மா கேட்டேன்: "சாப்பாடு எப்படிங்க?" அவர், "நல்லாருக்கு" என்றார். "ஆதி" என்று சொல்லவில்லை. இங்கே எத்தனையோ வருடம் இருப்பவர் அந்தச் சொல்லைச் சொல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

தமிழில் ஆதி என்றால் தொடக்கம். வளைகுடா அரபியில் அது வேறு சொல், காதில் மட்டும் ஒன்றுபோல விழும். சாதாரணம், பரவாயில்லை, எப்போதும்போல என்று எதற்கும் பொருந்தும். உடம்பு எப்படி? ஆதி. டூட்டி எப்படி? ஆதி. முதலாளி திட்டிவிட்டாரா? ஆதி. இங்கே வந்து ஒரு மாதத்தில் நம்மவர் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கராஜ்களில் இதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. ஆதி கியர் என்றால் கையால் மாற்றும் கியர். நீங்க ஆதின்னு சொல்றதில்லையா என்று கேட்டதும் அம்மையப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தச் சொல்ல நான் விட்டுட்டேண்ணே. அதுதான் ஒரு கியர எரிச்சுச்சு."

அல் ஐன் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்து, அதன் பின்னாலேயே குடியிருக்கிறார் தொண்டியைச் சேர்ந்த கலீலுர் ரஹ்மான். அவர் மனைவி ஜுலைஹா பீவிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். திரும்பி வரும்போது டாக்சியில் வாந்தி வந்துவிடும். டிரைவர் முகம் சுளித்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். அந்த வெட்கத்தில் அடுத்த முறை போகவேமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். கால் வீங்கி மூச்சு திணறிய பிறகுதான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனி ஒரு முறைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஷார்ஜாவில் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். மகள் நஸீஹா புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தாள். சொந்த வண்டியில் மகள் பக்கத்தில் வாந்தி எடுத்தால் யாருக்கு என்ன?

காரை ஷார்ஜாவிலிருந்து ஓட்டிவர ஆளில்லை. கேரவனோடு அல் ஐன் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் டீ குடிக்கும் அம்மையப்பன், தானாக முன்வந்து தலையைக் கொடுத்தார். "நான் நாளைக்கி வீட்ட எடுத்துக்கிட்டு சும்மாதான் வர்றேன் பாய். பின்னாடி கட்டிக்கிட்டு வந்துர்றேன்." கட்டுவதற்கு முன் போனில் கேட்கவேண்டியதையும் கேட்டார்.

"கியர் என்ன பாய்?"

"ஆதி தம்பி, ஆதி."

கியர் நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்ற அர்த்தத்தில் பாய் சொன்னார். கையால் மாற்றும் கியர் என்று இவர் எடுத்துக்கொண்டார். விடிந்தும் விடியாத நேரம், கறுப்புக் கண்ணாடி போட்ட கார். சாவி போட்டு நியூட்ரலில் தள்ளிவைத்தது கார் விற்ற ஆள். "நானு கதவத் தொறக்கவே இல்லண்ணே," என்றார் அம்மையப்பன். "தொறந்து ஒருவாட்டி குனிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அல் ஐன் நெருங்கும்போது பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பின்னால் கை காட்டினார். இறங்கிப் பார்த்தால் காருக்கு அடியில் புகை. பால் அடிப்பிடித்த மாதிரி ஒரு வாடை. கடை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் டயாலிசிஸ். நஸீஹா அழுதுவிட்டாள். பாய் மெக்கானிக்குக்கு போன் போட்டார். கேரவன் படியில் உட்கார்ந்த அம்மையப்பன், வாசலுக்கு வந்த ஜுலைஹா பீவியைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, கியர எரிச்சுப்புட்டேன்க்கா."

"நீ எரியலைல?" என்றாராம் ஜுலைஹா பீவி. "உள்ள வா, வந்து தண்ணி குடி."

மெக்கானிக் வந்து பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் கறுத்துப்போய் இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியை நாலு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்துவந்தது யார் என்று கேட்டார். "நீங்கதானே பாய் ஆதின்னீங்க?" என்றார் அம்மையப்பன். "நல்லாருக்குன்னுதானே தம்பி சொன்னேன்," என்றார் பாய். உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஜுலைஹா பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் தமிழாளுங்க. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தய தமிழ்ல சொல்லியிருந்தா அந்தக் காரு பொழச்சிருக்கும்!"

கோடை தொடங்கிவிட்ட நேரம். வெயில் ஏறிவிட்டால் பாலைவனத்துக்கு யார் போவார்கள்? கேரவன்கள் எல்லாம் அல் கூஸில் தூங்கிக்கொண்டிருக்கும். அம்மையப்பன் கம்பெனி மேனேஜர் பிரபாவதிக்கு போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, வண்டியைக் கொஞ்ச நாள் அல் ஐனிலேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாராம். "சும்மா நிறுத்திவெச்சா எலிதான் குடும்பம் நடத்தும். அந்தம்மாவ ஏத்திட்டுப் போங்க," என்று வைத்துவிட்டார் பிரபாவதி. அவர் பேரைச் சொல்லும்போதெல்லாம் அம்மையப்பன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொள்கிறார். எதிரே அந்தம்மா இல்லையே என்றால், "இல்லாட்டி என்ன, மருவாதி இருக்குல்ல?" என்கிறார்.

அன்று முதல் ஜுலைஹா பீவி டயாலிசிஸுக்கு கேரவனில் போய்வந்தார். ஓடும் வண்டியில் படுக்கக்கூடாது என்பது விதி. அதனால் சாய்கிற இருக்கையில் தலையணை வைத்து, பெல்ட் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி. வளைவில் வண்டி சாயாமல் ஊர்ந்து போவார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களை, "அடிங்கடா, நல்லா அடிங்க" என்று உற்சாகப்படுத்துவார். கடை வாசலுக்கு வந்ததும் ஏசியை ஓடவிட்டு, வண்டிக்குள்ளேயே கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, இவர் வெளியே நிழலில் உட்கார்ந்துகொள்வார். தலைசுற்றல் தீர அக்கா தூங்கி எழுந்து, கேரவன் அடுப்பிலேயே இஞ்சி டீ போட்டு இவருக்கு ஒரு கிளாஸ் நீட்டுவார். ஒரு முறைகூட டயாலிசிஸ் தவறவில்லை.

கியர் சரியாகி கார் வந்த அன்று வருத்தப்பட்டது ஜுலைஹா பீவி மட்டும்தான். "இன்னுங் கொஞ்ச நாளு கெட்டே கெடந்திருக்கக்கூடாதா?" என்றாராம். பழுதுபார்த்த செலவை யார் கொடுத்தார்கள் என்று அம்மையப்பன் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கார் கைக்கு வந்ததும் அக்கா இவரை அழைத்து, கதவைத் திறந்து, மிதியை எண்ணவைத்தார். "ரெண்டு," என்று இவர் விரலைக் காட்டினார். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அல் ஐன் பக்கம் போகும் நாள் டயாலிசிஸ் நாளாக இருந்தால், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்பார். அக்காவின் கார் வெளியே வரும்போது இவர் இரண்டு விரலைத் தூக்குவார். உள்ளிருந்து இரண்டு விரல் பதில் வரும். நாங்கள் சேர்ந்து போன அந்தப் பயணத்திலும் ஒருநாள் அப்படித்தான் நின்றார். கார் வருவதற்கு முன்பே இரண்டு விரலைத் தயாராக வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன கட்சிக்காரரே, ஓட்டு கேட்கிறீங்களா என்று கிண்டலாகக் கேட்டேன். "இங்க எவன்ணே எனக்கு ஓட்டுப் போடப்போறான்?" என்றவர் கண்ணை மட்டும் வாசலைவிட்டு எடுக்கவில்லை.

அக்கா சில வாரமாக ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாராம். நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து இதுதான் முதல் டயாலிசிஸ். போன தடவை இவர் நின்றபோது கார் வரவேயில்லை; நஸீஹா மட்டும் நடந்து வந்து, "அங்கிள், உம்மாவ அட்மிட் பண்ணிட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்லிவிட்டு அம்மையப்பன் ரோட்டோரத்துக்கு வந்து நின்றார். மீசையைத் தடவவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. நானும் பிள்ளைகளை இறங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

கார் வந்தது. நஸீஹா ஓட்டிவந்தாள். பக்கத்து இருக்கையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்ன உருவம். அம்மையப்பன் இரண்டு விரலைத் தூக்கினார். கார் எங்களுக்கு எதிரே வந்து நின்றது. கண்ணாடி மெல்ல இறங்கியது. ஊசி ஏற்றாத கை வெளியே வந்தது. ஒரு விரல் நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து மூன்றாவதும் நிமிர்ந்தது.

உள்ளே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. அம்மையப்பன் தூக்கிய கையை இறக்காமலே ரோட்டைக் கடந்து ஓடினார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். நஸீஹாவின் காலை ஒதுக்கச் சொல்லிவிட்டு, தலையை உள்ளே நுழைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.