மகள் ஏற்றி வைத்த க்ளாக்

ரிப்பேருக்கு வந்த லேப்டாப்பைக் கடை மேஜையில் வைத்து கேமைத் திறந்தேன். கிராபிக்ஸ் கார்டின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. லேப்டாப் அப்படியே அணைந்துவிட்டது.

கொண்டுவந்தவர் சூசை. ஆலந்தலைக்காரர். மீன்பிடி வள்ளங்களுக்கு இன்ஜின் பார்ப்பவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். அவர் வேண்டாம் என்று சொல்லியும் போனவள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அன்று மத்தியானம் ஆன்லைனில் சேர்ந்து கார் ரேஸ் ஆடுவார்கள். மிச்சம் இருக்கிற உறவு அது ஒன்றுதான். இப்போது பாதி ரேஸில் மெஷின் நின்றுவிடுகிறது.

"நான் கோவத்துல எந்திரிச்சுப் போயிருதேன்னு நெனைப்பா, அண்ணாச்சி" என்றார்.

போன் போட்டுச் சொல்லலாமே என்றேன். லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் போன் போட ஆள் கிடையாது.

அடிமூடியைக் கழற்றினேன். சூட்டை வெளியே கடத்துகிற ஹீட்சிங்க் முழுக்க எண்ணெய். அதில் தூசியும் உப்பும் ஒட்டி, காற்று போகிற வழி தார் மாதிரி அடைத்திருந்தது.

"இது என்ன வள்ளமாண்ணே, எண்ணெய் ஊத்த?"

"கடக்காத்துல துரு பிடிச்சிரும்லா. இன்ஜினுக்குப் போடுத எண்ணெய்தான். ரெண்டு சொட்டு விட்டேன்."

துடைத்துக் கழுவினேன். புது பேஸ்ட் வைத்தேன். சூடு இறங்கியது, ஆனால் போதவில்லை. பார்த்தால் யாரோ கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தார்கள். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது. படம் திக்காது. சூடு கூடும். நம்ம ஊர் வெக்கையில் இந்த லேப்டாப் அதைத் தாங்காது. க்ளாக்கை, அதாவது அந்த வேகத்தை, குறைக்க வேண்டும் என்றேன்.

"அத மாத்தாதீங்க. போறதுக்கு முந்தின நாள் அவ உக்காந்து வச்சது."

குறைக்காவிட்டால் மறுபடியும் நிற்கும் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். பழைய எண்களை ஒரு ஃபைலில் சேமித்து அவரிடம் காட்டிவிட்டுத்தான் குறைத்தேன்.

வீட்டில் வைத்து ஆடப் பயந்து, வெள்ளிக்கிழமை கடைக்கே வந்தார். அவர் ஆடினார். நான் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுக்குக் கீழேயே நின்றது. படம் மட்டும் அங்கங்கே திக்கியது. அவர் கார் பின்தங்கியது. திரையின் ஓரத்தில் மகள் எழுதியது வந்தது.

"என்னப்பா, போயிட்டீங்களா?"

அவருக்கு டைப் செய்யத் தெரியாது. என்ன போட என்று கேட்டேன். காரைத் திருப்புகிற பட்டனிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை.

"இங்கனதான் இருக்கேன்னு போடுங்க."

போட்டேன். முன்னால் போன அவள் கார் ரோட்டோரம் நின்றது. இவர் பக்கத்தில் போனதும் மெதுவாகக் கிளம்பியது. ரேஸில் இருவரும்தான் கடைசி.

அவர் போன பிறகு அன்று வேறு யாரும் வரவில்லை. ஃபேனை அணைத்துக் கடையைப் பூட்டினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். க்ளாக்கைக் குறைப்பது சின்ன வேலை. குறைக்கும் முன்னால், அதை யார் ஏற்றி வைத்தது என்று கேளுங்கள்.