ரூபி அன்ரியின் பிந்தி வரும் வலக்கை

ரூபி அன்ரியின் மகள் ஷாமினி தொலைபேசியில் அழைத்தபோது நான் இந்தப் பருவத்தின் கடைசி அரங்கேற்றப் பாட்டுக்குத் தாளம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, அம்மா விடியப் போயிட்டா" என்றார். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியிலுள்ள வீட்டில், நித்திரையிலேயே உயிர் பிரிந்ததாம். மகளுக்கு ஆறுதல் சொல்லவேண்டிய அந்த நேரத்தில் என் மனம் போன இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனி அவருடைய மெட்டுகளை அவரைக் கொண்டு திருப்பிப் பதிவுசெய்ய முடியாதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரூபி செபமாலை என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. மன்னாரில் பிறந்து, கன்னியர் மடத்தில் பியானோ படித்தவர். தகப்பனாருக்கு மாற்றல் கிடைத்துக் குடும்பம் கொழும்புக்கு வந்தது. அங்கே ஒரு ஹோட்டலின் இசைக்குழுவில் பியானோ வாசிப்பவர் குடிவெறியில் விழுந்துகிடந்த ஒரு சனிக்கிழமை, அவசரத்துக்கு இவரைக் கூப்பிட்டு இருத்தினார்கள். பிறகு எழும்ப விடவில்லை. எங்கள் ஆட்களில் இவருக்கு முன் ஜாஸ் வாசித்த பெண்ணொருவர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாசித்ததோடு நில்லாமல் சொந்தமாக மெட்டும் போட்டார்.

"ஐயா ஓமெண்டிட்டார். ஆனா பேர் வெளியிலை வரக்கூடாதாம். ஹோட்டலிலை பியானோ அடிக்கிறவளை ஆர் கட்டுவான் எண்டு அவருக்குப் பயம்" என்று ரூபி அன்ரி தகப்பனாரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொல்வார். ஆகவே வானொலியில் அவருடைய மெட்டுகள் குழுத்தலைவரின் பெயரில் போயின. ஓர் இசைத்தட்டும் வெளிவந்தது. இரண்டு பக்கமும் ரூபி அன்ரி இயற்றியவை. நடுவில் ஒட்டியிருந்த தாளில் அந்த மனிதரின் பெயர். "அந்தாள் நல்லவர், தம்பி. ஒவ்வொருமுறையும் மன்னிப்புக் கேட்பார். கேட்டுப்போட்டுத் தன்ரை பேரைப் போடுவார்."

கல்யாணம் வந்தது, பியானோ போனது. கலவரத்தில் வீடு எரிந்தபோது அந்த இசைத்தட்டும் எரிந்தது. ரொறன்ரோ வந்து பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். வார இறுதியில் நகரத்து உணவகமொன்றில் வாசித்தார். அதைக் கேட்ட ஒரு வெள்ளைக்காரக் குழு தங்கள் கசெற்றில் வாசிக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனது. உறையில் 'ரூபி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். செபமாலை என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வளையவில்லையாம்.

எண்பது தாண்டிய பிறகுதான் வெக்ஸ்போர்ட்டில் என் பேஸ்மென்ற் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு சிவப்புக் குஷன். கட்டையான ஆள், எட்டாது; அது போடாமல் பியானோவுக்கு முன்னால் இருக்கமாட்டார்.

"தம்பி, முழுப்பேரோடை ஒண்டு செய்துபோட்டுச் சாகவேணும்."

"சாகிற கதையை விடுங்கோ அன்ரி."

"சரி, சாகாமலும் செய்யலாம். கீபோட்டைப் போடும்."

விரல் மூட்டுகளில் வீக்கம். என்றாலும் பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் வாசித்து முடித்தார். இடைவேளையில் தேத்தண்ணி குடித்தபடி தன் வாசிப்பை எனக்கு விளங்கப்படுத்தினார். "இடக்கை வேலைக்குப் போற மனிசன். நேரந் தப்பாது. வலக்கை வழியிலை கதைச்சுக்கொண்டு வாற மனிசி. பிந்தித்தான் வருவா. ஆனா வருவா." நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். விளங்கியிருந்தால் அடுத்த வேலையைச் செய்திருக்கமாட்டேன்.

கீபோட்டில் வாசிக்கும் ஒவ்வொரு சுரமும் கணினியில் ஒரு புள்ளியாக விழும். ஒரு பொத்தானை அமத்தினால் விலகிநின்ற புள்ளிகள் எல்லாம் தாளத்தில் வந்து குந்தும். ஆடுகிற பிள்ளையின் கால் தடுமாறக்கூடாதென்று அரங்கேற்றப் பதிவுகளில் எப்போதும் அப்படித்தான் செய்வேன். அன்றும் செய்தேன். வயதுபோன கை, பாவம், பிந்துகிறது என்று இரக்கப்பட்டேன். யாருக்கு யார் இரங்குவது! திருத்தியதைச் சேமித்தேன். மூலப் பதிவை, இடம் வேண்டுமென்று, வழக்கம்போல அழித்தேன். ஷாமினி அதை இறுவட்டில் பதிந்து பிரதிகளைப் பெட்டிபெட்டியாக வாங்கிய பிறகுதான் அன்ரி கேட்க வந்தார்.

கோட்டைக் கழற்றாமலே, கீபோட்டுக் கதிரையில் சிவப்புக் குஷனைப் போட்டு இருந்து கேட்டார். முடிந்ததும், "வடிவா இருக்கு, தம்பி. ஆர் வாசிச்சது?" என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்கை நான் இருந்தன், பேர் இல்லை. இஞ்சை பேர் இருக்கு, என்னைக் காணேல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பறவாயில்லை, திருப்பி வாசிப்பம்" என்றார்.

"ஓம் அன்ரி, உந்த அரங்கேற்ற சீசன் முடியட்டும்" என்றேன். நான் சொன்ன பதில் அதுதான். கோடையில் அவர் தொலைபேசியில் கேட்டபோதும் அதையே சொன்னேன். இலை கொட்டத் தொடங்கியபோது எனக்கு நேரம் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் ஷாமினி அந்த இறுவட்டைத்தான் என் கையில் தந்தார். "அம்மான்ரை முழுப்பேர் போட்டது இது ஒண்டுதான் அண்ணா." போட்டேன். வேறென்ன செய்ய? சனம் கேட்டது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த வயசிலை ஒரு பிசகில்லை, பாத்தியளே!" நன்றி சொன்னேன். வேறொருவரும் சொன்னார். அவருக்கும் நன்றி சொன்னேன்.

தாங்க முடியாமல் வெளியில் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து ஷாமினியிடம் சொன்னேன். "தங்கச்சி, அது அம்மான்ரை வாசிப்பில்லை. நான் கெடுத்துப்போட்டன்."

"தெரியும் அண்ணா. அம்மா அண்டைக்கே சொன்னவ" என்றார். "ஆனா உங்களை ஒண்டும் கேக்கக்கூடாதெண்டும் சொன்னவ. தம்பி பாவம், எனக்கு உதவியெண்டு நினைச்சுச் செய்தது எண்டு."

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த இறுவட்டு உங்கள் வீட்டில் இருக்கலாம். வைத்திருங்கள். ஆனால் ரூபி செபமாலை இப்படித்தான் வாசித்தார் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதில் அவருடையது பெயரும் மெட்டும் மட்டுந்தான். அந்த வலக்கையை இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்குக் காரணம் நான்.

சிவப்புக் குஷன் இன்னும் கீபோட்டுக்கு முன்னால் கதிரையில் இருக்கிறது. அன்றைக்குக் கோபத்தில் மறந்துவிட்டுப் போனீர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், அன்ரி. ஷாமினி சொன்ன பிறகுதான் விளங்குகிறது, திருப்பி வாசிக்க வருவதற்காகத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். போய்வாருங்கள். என்னை மன்னியுங்கள்.