கண்ணாடிக்கு நடுவே

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடக் கட்டுக்கதை இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எரிந்து விழுகிற ஆள் நான். நம்பாவிட்டால் என் மனைவி நான்சியைக் கேளுங்கள். அன்றைக்கு அவளும் காரில்தான் இருந்தாள்.

போன ஐப்பசி. நான்சிக்கு நிறைமாதம். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரம் பார்த்தா மழையில் வைப்பர் ரப்பர் கழன்று போகும்! வெறும் கம்பி முன் கண்ணாடியைக் கீறிவிட்டது. எதிரே லாரி வெளிச்சம் பட்டால் போதும், கீறல் முழுக்க மின்னும், ரோடே தெரியாது. அவளை வைத்துக்கொண்டு அப்படி ஓட்ட எனக்குப் பயம். புதுக் கண்ணாடி வர மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

எங்கள் விருத்தாசலத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெஷினில் கம்பளி வட்டு மாட்டித் தேய்ப்பது. கண்ணாடிக் கடைக்காரர்கள் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்க மாட்டோம்.

செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் கலியமூர்த்தி அண்ணன்தான் இதில் கெட்டிக்காரர். சாயங்காலம் 6.10க்கு அவர் கொட்டகைக்குப் போனோம். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று நான்சியும் கூட வந்தாள். அவர் வெளியே தேய்ப்பார். நான் உள்ளே, முன் சீட்டில் நான்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீறல் இருக்கிற இடங்களை ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைக் குழம்பு. வெளியே எதுவும் தெரியவில்லை.

6.42. கரண்ட் போனது. மெஷின் நின்றது. காரின் ஹெட்லைட்டையும் உள்விளக்கையும் போட்டேன்.

“காஸ்பரு, நீங்க உள்ளயே உக்காருங்க. டீ குடிச்சிட்டு வரேன்” என்று அண்ணன் போய்விட்டார்.

6.47.

கர்ர்... கர்ர்...

தேய்க்கிற சத்தம்.

“வந்துட்டீங்களாண்ணே?”

அப்போதுதான் உறைத்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

பக்கத்துக் கதவின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கார் முன்னால் ஒருவரும் இல்லை.

ஆனால் அந்த வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. விரல் கனம்கூட இல்லை. என் பக்கத்திலிருந்து மெல்ல... மெல்ல... நான்சி பக்கம் போனது.

அவள் முகத்துக்கு நேரே நின்றது.

டக். டக். டக்.

“ஏங்க... வயித்துல உதைக்குது. மூணு வாட்டி.”

டக். டக்.

“ரெண்டு...”

டக்.

“ஏங்க, வூட்டுக்குப் போயிடலாங்க...”

கதவைத் திறந்து குதித்தேன். யாருமில்லை. வெளியே குழம்பு அப்படியே காய்ந்திருந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை.

உள்ளே வந்து பார்த்தேன்.

கோடு இருந்தது.

கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். நான் போட்ட வட்டங்கள் அழிந்தன. கோடு அழியவில்லை.

6.58க்கு கரண்ட் வந்தது. அண்ணனும் வந்தார். தேய்த்துக் கழுவியதும் கீறலும் இல்லை, கோடும் இல்லை. அதே காரில்தான் விடியற்காலை போனோம். வேறு வழி?

காலை 11.20க்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆன் மேரி. இடது கையில் ஆறு விரல். அதிர்ஷ்டம் என்று நர்சுகள் கொஞ்சினார்கள். நானும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் ஒரு வினை தெரிந்தது. அதிகமாகத் தேய்த்ததில் கண்ணாடி குழிந்து, ரோடு நெளிந்து தெரிந்தது. கடைசியில் கண்ணாடியையே மாற்றப் போனேன். கடைக்கார மாயவன் பழசைக் கழற்றி வெயிலில் சாய்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“சார், இங்க வந்து பாருங்க.”

முன் கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், மூன்றையும் சேர்த்து ஒட்டியது. அந்த நடுவில், நான்சி உட்கார்ந்திருந்த பக்கம், இரண்டு கைத்தடங்கள். பச்சைக் குழந்தையின் கை.

“ஒட்டித்தான் சார் வரும். இதுக்குள்ள எப்படிக் கை போவும்?”

இரண்டும் இடது கை. இரண்டிலும் ஆறு விரல்.

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, என் கண் முன்னாலேயே அதை உடைக்கச் சொன்னேன். உடைத்தார்.

வீட்டுக்கு வந்து நான்சியிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கண்ணாடி எங்கங்க?”

“உடைக்கச் சொல்லிட்டேன்.”

அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. அழுது முடித்துத்தான் சொன்னாள்.

“மூணாம் மாச ஸ்கேன்ல ரெண்டு கொழந்த இருந்துதுங்க. அடுத்த ஸ்கேன்ல ஒண்ணுதான் இருந்துது. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல.”