மணி அடிக்காத வாலிபர் கூட்டம்

புஸ்பம் ரீச்சரைப் பற்றிக் கேட்டால் எங்கள் வேதக் கோவிலில் பாதிப்பேர், “அவவா? வாலிபர் சங்கத்தக் குழப்பினவ” என்பார்கள். என் முன்னால் அப்படிச் சொன்னவர்களுக்கு நான் நன்றாகக் கொடுத்திருக்கிறேன். வாய் இருக்கிறதென்று எதையும் பேசலாமா?

அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். செட்டிபாளையத்துக்குக் கிட்ட, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஊர். புஸ்பம் கலியாணம் கட்டவில்லை. கிழமை நாட்களில் பாலர் பள்ளியில் படிப்பித்தாள். ஞாயிறு பின்னேரம் கோவில் மண்டபத்தில் வாலிபர் கூட்டம் நடத்தினாள். மணி அடித்ததும் பிள்ளைகள் வருவார்கள். வேத வசனம் ஒப்புவிப்பார்கள், பாட்டுப் பழகுவார்கள், வருடா வருடம் மட்டக்களப்புக்குப் போய்ப் போட்டியில் கேடயம் வாங்கி வருவார்கள். கேடயம் அடுக்க ஒரு அலுமாரியும் செய்வித்தோம். வாலிபரை வளர்ப்பதென்றால் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அது சண்டைக்கு ஆள் சேர்க்கப் பிள்ளை பிடித்த காலம். பிடித்தவர்கள் இன்னார் என்று நான் சொல்லப் போவதில்லை. காலத்துக்குக் காலம் பெயர் மாறியது, வாகனத்தின் நிறம் மாறியது, பெற்றவளின் அழுகை மட்டும் ஒன்றுதான். ஒரு ஞாயிறு கூட்டம் முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது கோவில் வாசலில் வாகனம் நின்றது. இரண்டு பொடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புஸ்பம் செருப்பும் இல்லாமல் சந்தி வரைக்கும் பின்னால் ஓடினாள். திரும்பி வந்து மண்டபப் படியில் இருந்துவிட்டாள்.

“அவங்க ஒருத்தரையும் தேடித் திரியல்லகா. நாமதான் மணி அடிச்சி, எல்லாரையும் ஒரு இடத்தில சேத்து வெச்சிக் குடுத்தம்” என்றாள்.

அடுத்த கமிட்டியில் எழும்பிச் சொல்லிவிட்டாள். இனி மணியும் இல்லை, மண்டபமும் இல்லை, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும் என்று. பொருளாளர் நல்லரத்தினத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“கூட்டம் கூடாம என்ன ரீச்சர் வாலிபர் சங்கம்? மேலிடத்தில கேட்டா என்னத்தச் சொல்ற?”

“பிள்ளையள் உசிரோட இருக்காங்க எண்டு சொல்லுங்க.”

“அப்ப கேடயம்?”

“போன வரியக் கேடயத்த இந்த வரியமும் துடைச்சி வைங்க.”

கமிட்டி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கலைந்தது. எங்கள் கமிட்டிக்கு அது கைவந்த கலை.

புஸ்பம் சைக்கிளை எடுத்தாள். இன்ன நேரம், இன்ன இடம் என்று கிடையாது. ஒரு நாள் வயல் வட்டையில் வரம்பு கட்டுகிற பொடியன்களோடு நிற்பாள். இன்னொரு நாள் வாவிக்கரையில் வலை சிக்கெடுக்கிற இடத்தில் இருப்பாள். இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர். வசனம் கேட்கமாட்டாள். சும்மா கதைப்பாள். மண்டபத்தில் கிளிப்பிள்ளைபோல ஒப்புவித்த பிள்ளைகள் அப்போதுதான் உள்ளே கிடந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவன், “ஆண்டவர் ஆரிட பக்கம் ரீச்சர்?” என்று கேட்டிருக்கிறான். “எனக்குத் தெரியா மனே” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ரீச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு இது என்ன பதில் என்று நான் ஏசினேன். “நாளைக்கும் வரச் சொன்னாங்ககா” என்றாள்.

அப்படித்தான் தவமலரின் கதையும் அவள் காதுக்கு வந்தது. தாய் சீனிப்பிள்ளைக்குத் தவமலர் ஒரே மகள். தகப்பன் இல்லை. பதினெட்டு வயது. உயர்தரம் எழுதிவிட்டு, ரீச்சராக வேண்டும் என்ற ஆசையோடு இருந்த பிள்ளை. கலியாணம் முடித்தவர்களை எடுப்பதில்லையாம் என்று ஊரில் ஒரு கதை. சீனிப்பிள்ளை வாழைச்சேனையில் மீன்பிடிக்கிற தன் தமையனின் மகனை அவளுக்குப் பேசிவிட்டாள்.

“மச்சான்ல எனக்கு விருப்பமும் இல்ல, வெறுப்பும் இல்ல ரீச்சர். அந்த வாகனத்தில ஏறுறத விட இது நல்லம்தானே?” என்று தவமலர் கேட்டாளாம்.

புஸ்பம் என் குசினிக்குள் வந்து இருந்து அழுதாள். “படி எண்டு சொல்ல வேண்டிய வாயால, கலியாணம் முடி எண்டு சொல்லிப்போட்டு வாறன்கா.” தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

கோவிலில் கலியாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை, பொம்பிளை பெயர், வயது, வீடு எல்லாம் ஆராதனையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்கள். பதிவுக்காரர் ஊரைவிட்டுப் போன பிறகு பதிவும் போதகர் கையில்தான். புஸ்பம் அவரிடம் போய்க் கெஞ்சினாள்.

“ஓலை வேணா ஐயா. நாளைக்கே சத்தமில்லாம முடிச்சி வைங்க.”

“ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கே ரீச்சர். இது செல்லாத கலியாணம் எண்டு நாளைக்கு ஆரும் சொன்னா அந்தப் பிள்ளைக்குத்தானே கூடாது?”

அவர் கெட்ட மனுசன் இல்லை. எங்கள் கோவிலுக்கு எதையும் சத்தமாகத்தான் செய்யத் தெரியும், அவ்வளவுதான். முதல் ஞாயிறு வாசித்தார். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார். இந்த வீட்டில் பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் கைக்கு எட்டமாட்டாள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்னோம். அந்தக் கிழமையே வந்தார்கள். தவமலர் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். ஈரப் பாவாடையோடு கொண்டு போனார்கள்.

புஸ்பமும் சீனிப்பிள்ளையும் பிடித்தவர்களின் முகாம் வாசலில் வெயிலில் நின்றார்கள். உள்ளே இருந்து வந்த ஒருவன், “கலியாணம் எண்டா கோவில் கடிதத்தக் கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அதைப் பிடித்துக்கொண்டு சீனிப்பிள்ளை போதகரின் காலில் விழுந்தாள். மூன்றாம் ஓலையையும் வாசித்து, ஒரு கடிதம் தாருங்கள் என்றாள். அந்தக் கடிதம் பிறகு ஒன்றுக்கும் உதவவில்லை. தவமலர் வரவில்லை. புஸ்பம் அதற்குப் பிறகும் சைக்கிளில் திரிந்தாள். “எனக்கு வேற என்ன தெரியும்கா” என்பாள்.

ஆனால் அந்த மூன்றாம் ஞாயிறை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மாப்பிள்ளைப் பொடியன் வாழைச்சேனையிலிருந்து புதுச் சேட்டுப் போட்டு வந்து முன் வாங்கில் இருந்தான். பக்கத்தில் சீனிப்பிள்ளை. போதகர் இரண்டு பெயரையும் வாசித்தார். பிறகு வழமையாகக் கேட்கிறதைக் கேட்டார்.

“இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்திருந்தால், இப்போது சொல்லவும்.”

கோவில் நிறைந்த சனம். பொம்பிளை முகாமில் இருப்பது ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. வாய் திறந்தால் கடிதம் இல்லை. நல்லரத்தினம் தன் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். புஸ்பம் வாங்கின் விளிம்புக்கு வந்தாள். நான் அவளை எழும்ப விடவில்லை.

“தடை இல்லை” என்றார் போதகர்.

சீனிப்பிள்ளை மட்டும் “ஆமென்” என்றாள்.