பூசணக்காரியும் செந்தளிர்ச் சோளமும்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பூசணக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் மேடம். அவளுக்கு அது தெரியும், சட்டை செய்ததில்லை. பெயர் வைத்தவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அவள் படித்திருக்கிறாள். அவற்றைவிடப் பட்டப்பெயர் தேவலை என்பது அவள் எண்ணம்.

மக்காச்சோளத்தில் வரும் கரிப்பூட்டை நோய்தான் அவள் பிழைப்பு. கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டிகள் புடைத்து, முற்றி வெடித்தால் உள்ளேயிருந்து கரித்தூளாகக் கொட்டும். அத்தனையும் பூசணத்தின் வித்துகள். கூரை ஒழுகும் கண்ணாடிக் கூடத்தில் வாளிகளுக்கு நடுவே நாற்றுத் தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு குருத்துக்குள்ளும் ஊசியால் நோயை ஏற்றிவிட்டு, செடி என்ன செய்கிறது, பூசணம் என்ன செய்கிறது என்று பார்த்தே தலை நரைத்தவள்.

அந்தப் பூசணத்தின் மேலும் அவளுக்கு மரியாதை கிடையாது. தனியாக இருந்தால் துப்புக் கெட்டது. ஈஸ்ட் மாதிரி சும்மா பெருகிக்கொண்டு கிடக்கும். பொருத்தமான ஜோடி கிடைத்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் இழையாக நீண்டு இலைக்குள் நுழையும் தைரியமே வரும். நுழைந்ததும் செல்லைக் கொல்லாது. கொன்றால் யார் சோறு போடுவார்கள்? செடியும் ஏமாளி இல்லை. அந்நியன் வந்தது தெரிந்தால் காரமான வேதிப்பொருளைக் கக்கும், செல்லின் சுவரைக் கெட்டியாக்கும், மற்ற செல்களுக்கும் சேதி அனுப்பும். பூசணமோ குட்டிக் குட்டிப் புரதங்களை அனுப்பி, கக்க வைக்கும் நொதியை முடக்கிவிடும். சேதியாக வேண்டிய மூலப்பொருளை முன்கூட்டியே வேறு பக்கம் தள்ளிவிடும். சுவர் கட்டப் போக வேண்டிய சரக்கு சிவப்புச் சாயம் காய்ச்சப் போய்விடும். திருடன் உள்ளே உட்கார்ந்திருக்க, செடி சிங்காரித்துக்கொண்டு நிற்கும்.

இந்தச் சிவப்புதான் இயக்குநரின் கண்ணில் பட்டது.

இயக்குநர் நன்றாகக் கைகுலுக்குவார், நன்றாக நாடா வெட்டுவார். மூன்றாவதாக ஒரு திறமை அவரிடம் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை. நிலையத்தின் வயலில் ஒரு மக்காச்சோள ரகத்தின் இளம் இலைகள் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இதுதான் எதிர்ப்புச் சக்தியின் அடையாளம் என்று முடிவு கட்டினார். செந்தளிர் என்று பெயரும் வைத்தார். அதில் கட்டி வந்த செடிகளைப் பார்வையாளர்கள் வருவதற்கு முன்பே பிடுங்கிக் குழியில் போட ஆள் வைத்திருந்தார்.

பூசணக்காரி செந்தளிரைத் தன் கூடத்தில் வளர்த்து நோயை ஏற்றினாள். இலைகள் இன்னும் சிவந்தன. கட்டியும் தாராளமாக வந்தது. கூட்டத்தில் படங்களைக் காட்டினாள். இயக்குநர் சிரித்தார்.

"ஊசியால நோயக் குத்தினா யாருக்குத்தான் காய்ச்சல் வராது, மேடம்?"

மேசையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாது என்பதை அவர்கள் முகத்திலேயே படித்தாள். குழியில் கிடந்த செடிகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இவர்களிடம் வாயைத் திறப்பதே வீண் என்று படங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். விதை விற்பனைக்குப் போயிற்று.

அவள் தங்கை வீட்டு மாடியில் குடியிருந்தாள், சாப்பாடு கீழே. தங்கையின் கணவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அவருக்கு விவசாய ஆசை பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தொப்பியும் ரப்பர் பூட்ஸும் வாங்கினார். அந்தத் தொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உதட்டோரம் கோணும்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் ஒரு விதைப் பையை மேசைமேல் வைத்தார். செந்தளிர்.

"உங்க நிலையத்து விதை, அக்கா. நோயே வராதாம்."

"வேற விதை வாங்குங்க, மாப்பிள்ளை."

ஏன் என்று கேட்டார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

அவர் பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதிச் சோற்றைத் தலை குனிந்தபடியே சாப்பிட்டார். அடுத்த வாரம் அதையேதான் விதைத்தார்.

நாற்று சிவந்ததும் கைபேசியில் படமெடுத்து வந்து காட்டினார். பெருமையில் முகம் மலர்ந்திருந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். அது ரகத்தின் இயல்பான சிவப்பு மட்டுமல்ல, இலை நடுவில் திட்டுத் திட்டாக வெளுப்பும் இருந்தது. நோய் உள்ளே போய்விட்டது. பட்டால்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பட்டார். செடிகளின் தண்டிலும் பிறகு கதிரிலும் முஷ்டி முஷ்டியாகக் கட்டி தள்ளியது. ஒரு கதிரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து வாசலிலேயே நின்றார். வீட்டுக்குள் எடுத்துவரலாமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தங்கை பையையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வாங்காதீங்கன்னு சொன்னேனே."

"புரியாதுன்னு சொன்ன. அது சொல்றதாக்கா? அந்த மனுஷன் அன்னைக்குத் தூங்கல."

தங்கை அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு தங்கையின் கணவரோடு வயலுக்குப் போனாள். கட்டிகள் வெடிப்பதற்குள் வெட்ட வேண்டும், வெடித்தால் வித்து மண்ணில் தங்கிப் பல வருஷம் காத்திருக்கும் என்று சொல்லிக் கத்தியையும் பைகளையும் கொடுத்தாள். வெட்டிக்கொண்டே ஜோடி சேரும் கதையிலிருந்து சாயம் காய்ச்சும் கதைவரை எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவள், நொதிக்கு வரும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டிப் பேசினாள்.

அவர் ஒரு சிவந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இது செடி கெலிச்ச அடையாளம் இல்ல. ஏமாந்த அடையாளம்."

"ஆமா."

"இதச் சொல்ல எவ்வளவு நேரமாச்சு, அக்கா? நீங்க சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லாததால் அடுத்த செடிக்கு நகர்ந்து வேகமாக வெட்டினாள். பைகளைக் குழி தோண்டி ஆழமாகப் புதைத்தார்கள். விளைச்சலில் பாதி தேறியது.

மற்ற வயல்களிலிருந்தும் புகார்கள் வந்தன. இந்த முறை கூட்டத்தில் அவள் எழுந்து போகவில்லை. பிடுங்கிப் போட்ட செடிகளின் கதையையும் சேர்த்து, மேசையைச் சுற்றி இருந்த கடைசி ஆளுக்கும் விளங்கும்வரை சொன்னாள். செந்தளிர் விற்பனை நின்றது. இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைவிடப் பெரிய நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். பிரிவுபசாரத்தில் அவரைப் பாராட்டிப் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைத் திட்டியவர்கள்தான். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து கேக்கைத் தின்றாள்; அதுவும் புளித்திருந்தது.

தங்கையின் கணவர் அந்த நிலத்தில் இப்போது அவரைக்காய் போடுகிறார். இரவுச் சாப்பாட்டின்போது அவர் கேட்காமலே அவள் அவரைச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றி விளக்குகிறாள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாவியை விழுங்கியபடி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.